மூன்றாம் கட்டம்

"எப்படிங்க உங்களால இப்படிக் கல்லு மாதிரி உக்கார்ந்திருக்க முடியுது?"

மனைவி சோபாவின் நுனியில் உட்கார்ந்து முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். டி.வி.யில் வெண்புகை கக்கியபடி ராக்கெட் நின்றது. அதன் உச்சியில், மூன்று பேர் நெருக்கியடித்துப் படுத்திருக்கும் கூண்டுக்குள், அவர்களுடைய ஒரே மகள் இருந்தாள். இன்னும் எட்டு நிமிடம்.

"ஒண்ணும் ஆகாது. பேசாம இரு" என்றார் வால்வுக்காரர்.

ராக்கெட் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வால்வு சோதிப்பவர். அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழங்கியதில்லை.

"என்ன தைரியத்துல சொல்றீங்க?"

"எந்த வால்வு எங்க இருக்குன்னு நம்பர் முதற்கொண்டு கேட்டுட்டேன்."

"கேட்டாரா? துளைச்சு எடுத்துட்டார் அண்ணி!" அதே தொழிற்சாலையில் வால்வு பொருத்தும் பிரிவின் ஃபோர்மனான பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "மூணாம் கட்டத்துல யார் சோதிச்ச வால்வுன்னு ஒரே வாரத்துல நாலு தடவை. உங்களோடது இல்லண்ணே, உங்க பக்கத்து மேசைச் சின்னவர் சோதிச்சதுன்னு சொன்னாலும் விடல. பட்டியலைக் காட்டுன்னு பிடிவாதம். பார்த்துட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே போயிட்டார்."

"பெத்த மனசு தம்பி. மக போற வண்டியில தன் கை படலையேன்னு இருக்காதா?"

காலையில் மகளோடு பேச வால்வுக்காரருக்கு ஒரு நிமிடம் கொடுத்திருந்தார்கள். "பயமா இருந்தா கண்ணை மூடிக்கோங்கப்பா, ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பார்த்துக்கறேன்" என்றிருந்தாள். குறும்புக்காரி!

பத்து, ஒன்பது, எட்டு... மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கிளம்பிவிட்டது! நெருப்பு தரையை அறைந்தது. சற்றுப் பொறுத்து அதே சத்தம் ஜன்னல் வழியாகவும் வந்து கண்ணாடியை உலுக்கியது.

"முதல் கட்டம் பிரிந்தது. பாதை சரியாக இருக்கிறது" என்றார் அறிவிப்பாளர். ஃபோர்மன் கைதட்டினார். இரண்டாம் கட்டம் பற்றிக்கொண்டது. திரையில் பச்சைக் கோடு வளைந்து வளைந்து மேலே ஏறியது.

வால்வுக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். மிச்சமிருப்பது மூன்றாம் கட்டம்தான். அதில் இருப்பது சின்னவர் சோதித்த வால்வு. சின்னவர் லேசுப்பட்டவர் இல்லை. வால்வுக்குள் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால், ஆறு மணி நேரம் இடத்தைவிட்டு அசையமாட்டார். ஒற்றைக் குமிழி வந்தாலும் போதும், தயவுதாட்சண்யம் இல்லாமல் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். அந்த மனிதர் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்!

ஃபோர்மன் நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"அண்ணே, பாதித் தூரம் போயாச்சு. இனிமே சொல்லலாம். இத்தனை நாள் வாயைக் கட்டிப் போட்டிருந்தேன்."

"என்ன தம்பி?"

"அன்னிக்குக் கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனீங்களே, எனக்கு மனசே ஆறல. சின்னவர்கிட்ட கேட்டேன். தாராளமா மாத்துங்கன்னுட்டார். ரெண்டும் ஒரே அளவு, ரெண்டும் தேறின வால்வு. மேலதிகாரிகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன். மூணாம் கட்டத்துல இருக்கறது உங்க வால்வுண்ணே!"

"அடி ஆத்தி!" மனைவிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. எழுந்து ஃபோர்மனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க குடும்பம் நல்லா இருக்கணும் தம்பி. கேட்டீங்களா? உங்க கைதாங்க நம்ம பொண்ணைத் தாங்கிக்கிட்டுப் போகுது!"

"எந்த... எந்த வால்வு?" வால்வுக்காரர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"அலமாரியில உங்க முத்திரையோட ஒண்ணே ஒண்ணுதானே இருந்துச்சு! பொண்ணு தேர்வான அன்னிக்கு நீங்க பாஸ் பண்ணினது. ராசியான வால்வுண்ணே!"

"மூன்றாம் கட்ட வால்வு திறக்க இன்னும் இருபது விநாடிகள்" என்றார் அறிவிப்பாளர்.

அன்று மகள் தேர்வான செய்தி வந்ததும், தலைகால் புரியாத சந்தோஷத்தில், அந்த வால்வைத் தண்ணீரில் ஒரு நிமிடம்கூட முக்காமல் முத்திரையைக் குத்திவிட்டு வால்வுக்காரர் வீட்டுக்கு ஓடிவந்திருந்தார். வேலை போய்விடுமே என்று அதை யாரிடமும் சொல்லாமல், அது இந்த ராக்கெட்டில் ஏறிவிடவில்லையே என்றுதான் நாலு தடவை கேட்டிருந்தார்.