ஆண்டாளின் முட்டி வலி

"இன்னொரு வாட்டி உட்கார்ந்தீன்னா உன்னை இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்டி!"

கீதாஞ்சலி கத்தினாள். பாறை மேல் உட்கார்ந்திருந்த ஆண்டாள் முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

"வலிக்குதுடி. நான் என்ன பண்ணட்டும்?"

"மரக்காணம் உப்பளத்துல நாள் முழுக்க உப்புக்கூடை சுமக்கிறவ நீ. இங்க ஒரு பையைத் தூக்கிட்டு நடக்க முடியலையா?"

"அங்க தரை படுத்துக் கிடக்குது. இங்க எழுந்து நிக்குதே!"

நிவேதா சிரித்தபடி ஆண்டாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாள்.

மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மழை பிடித்து உப்பளத்தில் வேலை நின்றதும், குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கும் கீதாஞ்சலிதான் டென்ட் இரவல் வாங்கி, லீவு போட்டு, இவர்களை இந்தத் தேசியப் பூங்காவுக்கு இழுத்து வந்திருந்தாள். மலை உச்சியில் தங்கி, விடியும்போது மேகத்தைக் கீழே பார்க்க வேண்டும். ஒரு வருஷத்து ஆசை.

"நாலு மணிக்கு மேல உச்சிக்கு விடமாட்டாங்கம்மா. அப்புறம் பாதியில இருக்கிற கேம்ப்லதான் தங்கணும்" என்றார் வனத்துறை கைடு ராஜாங்கம்.

அதற்கப்புறமும் ஆண்டாள் ஐந்து முறை உட்கார்ந்தாள்.

"உனக்கு வயசு முப்பத்திநாலா, எழுபத்திநாலா?"

"டோலி கட்டித் தூக்கச் சொல்லட்டுமா?"

எல்லாவற்றுக்கும் ஆண்டாள் சிரித்தாளே தவிர எழுந்திருக்கவில்லை. நாலேகால் ஆகிவிட்டது. பாதி மலையிலேயே டென்ட் அடித்தார்கள். விடிந்தபோது சுற்றிலும் மரம்தான் தெரிந்தது. கீதாஞ்சலி முகத்தைத் திருப்பிக்கொண்டு டீயைக் குடித்தாள்.

அன்று சாயங்காலம் மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். நிவேதா பூ வாங்கப் போனாள். ஆண்டாள் டென்ட் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு உப்பளச் சாலையில் விடுவிடுவென்று நடந்தாள்.

கீதாஞ்சலி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"ஏய்! முட்டி வலி எங்கடி போச்சு?"

ஆண்டாள் திரும்பிப் பார்த்தாள். நிவேதா இன்னும் பூக்கடையில்தான் நின்றிருந்தாள்.

"முட்டிக்கு ஒண்ணுமில்லடி. செருப்புல கல்லு மாட்டிக்கிச்சுன்னு மொதல்ல சும்மாதான் நின்னேன். பார்த்தா நிவேதாவுக்கு மூச்சு வாங்குது. போன மாசம்தான் டைபாய்டுல படுத்து எழுந்தா. முடியலைன்னு வாயைத் திறப்பாளா அவ? அதான் என் முட்டி மேல பழியைப் போட்டேன். கோச்சுக்காதடி."

கீதாஞ்சலிக்கு என்னமோ போலாகிவிட்டது. நேராகப் பூக்கடைக்குப் போய், நிவேதாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மூச்சு வாங்குதுன்னு நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எனக்கா? நான் நல்லாத்தான்டி இருந்தேன்." நிவேதா குரலைத் தாழ்த்தினாள். "ஆண்டாள் மொதல்ல நின்னப்பவே தெரிஞ்சிடுச்சு, அவளால முடியலைன்னு. அவ மட்டும் தனியா உட்கார்ந்திருந்தா, நீ கிண்டல் பண்ணியே அவளை அழ வெச்சிருப்ப. அதான் எனக்கும் மூச்சு வாங்குற மாதிரி நடிச்சேன்!"