ஜெயிலை உடைத்த நாள்

“ஐயா, முள்ளம்பன்னி மல்லாந்து படுத்தா முதுவு குத்தாதா?”

வாத்தியார் மரியதாசுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல வாத்தியார் வேலை இடம் கொடுக்குமா? “பேசாம பாரு” என்றார்.

அம்சவள்ளி பேசாமல் இருந்தால்தான் அதிசயம். அபிஷேகப்பாக்கம் பள்ளிக்கூடத்தில் வாய்க்குப் பேர்போனவள் அவள். அவள் அப்பன் பாகூர் பெரிய பண்ணையில் ஏர் ஓட்டுகிறவன்.

அன்றைக்கு ஜூலை பதினாலு. பிரெஞ்சு சர்க்காரின் பெரிய பண்டிகை. வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் பெரிய பண்ணை சிங்காரவேலு தம் தோட்டத்தில் வளர்க்கும் மிருகங்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். கொடியேற்றம் உண்டு, பூந்தி உண்டு. அந்தப் பூந்திக்காகவே பிள்ளைகள் வரப்போடு வரப்பாக நடந்து வந்திருந்தார்கள்.

மான், மரநாய், குரங்கு, முள்ளம்பன்றி, எல்லாவற்றுக்கும் தனித்தனி அடைப்பு. கடைசியில், வலையடித்த பெரிய கூண்டில் கிளிகள். பனம்பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து வந்து வளர்த்தவை.

“மான் ஏன் ஐயா வேலி ஓரமாவே சுத்தி வருது? நடுவுல அவ்ளோ புல்லு இருக்குது, வாயே வெக்கலியே?”

“அது வயிறு ரொம்பியிருக்கும்.”

“ஒத்தக் கொரங்கா அடைச்சி வெச்சிருக்காங்களே, இதுக்கு யாரு பேன் பாப்பாங்க?”

மரியதாஸ் பல்லைக் கடித்தார். பண்ணையார் வந்துகொண்டிருந்தார்.

“நல்லாப் பாத்துக்கங்க” என்றார் பண்ணையார், மீசையைத் தடவிக்கொண்டு. “என் மதிலுக்குள்ள வந்தது எதுவும் வெளிய போனதில்ல வாத்தியாரே.”

“மாடில யாரு? வளையல் சத்தம் கேக்குது!” அம்சவள்ளி சன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

“வூட்டுப் பொம்பளைங்க. அங்கல்லாம் பாக்காத!” என்று அதட்டினார் மரியதாஸ்.

பண்ணையார் வீட்டம்மா ஆதிலட்சுமி கல்யாணமாகிப் பல்லக்கில் வந்து இறங்கினதோடு சரி. அப்புறம் அவரை வெளியே கண்டவர் கிடையாது. தேர்த் திருவிழாவுக்குக்கூட வாசற்படி தாண்டியதில்லை. கௌரவம் என்றால் அதுவல்லவா கௌரவம் என்று ஊரே மெச்சிக்கொள்ளும். மரியதாசும் மெச்சியிருக்கிறார்.

கொடி ஏறியது. பண்ணையார் தொண்டையைச் செருமினார்.

“இன்னைக்கு இன்னா விசேசம்? யாரு சொல்றது?”

அம்சவள்ளி முந்திக்கொண்டாள். “பாரீசுல ஜனங்க ஜெயில ஒடைச்சி, உள்ள இருந்தவங்கள வெளிய வுட்ட நாளுங்க!”

“சபாஷ்!”

அதோடு நிறுத்தினாளா? “அப்ப இதுங்கள மட்டும் ஏங்க வெளிய வுடல?”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பண்ணையார் சிரிக்கவில்லை.

நல்லவேளை, பூந்தி வந்தது. எல்லோரும் பந்தலுக்கு ஓடினார்கள்.

கைப்பூந்தி தீருவதற்குள் கரும்புத் தோட்டத்துக்கு மேலே ஒரே கீச்சுக் கீச்சு. பார்த்தால், வானத்தில் கிளிக்கூட்டம்! கூண்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது.

கொல்லைப்பக்கம் தண்ணீர் குடிக்கப் போன அம்சவள்ளி அப்போதுதான் திரும்பி வந்தாள். தலைமுடியில் ஒரு பச்சை இறகு.

“நீதானடி?” என்று கத்தினார் பண்ணையார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஓயாத அந்த வாய் அன்றைக்கென்று பார்த்து மூடிக்கொண்டது.

“இன்னா வாத்தியாரே, இதான் நீ படிப்பு சொல்லிக் குடுக்கற லட்சணமா? நாளைலேருந்து இவளுக்குப் பள்ளிக்கூடம் கெடையாது. அப்பனுக்கு என் பண்ணையில ஏரும் கெடையாது.”

ஜெயில் கதையைச் சொல்லிக் கொடுத்தவர் மரியதாஸ். விதைத்தது அவர், அறுப்பது அந்தப் பெண்ணா?

“நான்தாங்க” என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “புள்ளைங்களுக்குக் கிட்டக்கக் காட்டலாம்னு கதவத் தொறந்தேன். சாத்த மறந்துட்டேன்.”

பண்ணையார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இனிமே பண்ணை நெல்லு உன் வூட்டுக்கு வராது. போ.”

பண்ணை அளக்கும் நெல்லில்தான் மரியதாஸ் வீட்டு அடுப்பு எரிந்தது; திரும்பும்போது அவருக்கு வயிற்றுப்பாட்டுக் கவலைதான். ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. பொய்தான், புண்ணியப் பொய். இந்தப் பெண் அழுதுகொண்டே வந்து காலில் விழப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். அவளோ பனைமரங்களை அண்ணாந்து பார்த்தபடி, கிளி தெரிகிறதா என்று தேடிக்கொண்டு வந்தாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. “ஏண்டி, கூண்டத் தொறந்தியே, பயமா இல்லியா?”

“நான் தொறக்கலியே ஐயா!”

மரியதாஸ் வரப்பிலேயே நின்றுவிட்டார். “பின்ன யாரு?”

“அந்த வூட்டம்மா. கொல்லக் கதவால வந்து தொறந்தாங்க. கெளிங்க கண்ணுக்கு மறையற வரைக்கும் அண்ணாந்து பாத்துக்கினே நின்னாங்க. என்னைப் பாத்ததும் நடுங்கிப் போய்ட்டாங்க.”

“அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னாடி? உன் படிப்பு, அப்பன் பொழப்பு எல்லாம் போயிருக்குமே!”

வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் அம்சவள்ளி அவரைப் பார்த்தாள்.

“நாம சாயங்காலம் ஆனா வெளிய வந்துடறோம். அந்தம்மா அங்கியேதான ஐயா இருக்கணும்?”