இழுவைச் சோதனை

"வீட்டுக்காரர் வரலையாம்மா? பிக்கப் வண்டி பாக்கறதுன்னா ஆம்பளை ஒருத்தர் கூட இருந்தா நல்லதாச்சே" என்றான் அல்சீட்.

"அவரு வீட்டுல நண்டுக் குழம்பு கிண்டிட்டிருக்காருண்ணே. படகு என்னுது. வண்டியையும் நானே பாத்துக்கறேன்" என்றாள் ஏர்லின்.

அல்சீட் சிரித்தான். லூசியானாவின் அந்தப் பயூ என்னும் சதுப்பு ஓடைக் கரையில் பழைய வண்டிகளை வாங்கி விற்பது அவன் தொழில். வண்டி ஓடுகிறதோ இல்லையோ, வாய் நன்றாக ஓடும். சிப்பி ஓடு கொட்டிய முற்றத்தில் நீல நிறப் பிக்கப் ஒன்று கழுவித் துடைத்து நின்றது. அதற்குப் பின்னால், பூட்டிய கம்பி வேலிக்குள், டிரெய்லர் மேல் ஓர் இறால் படகு. வேலிக்குள் இரண்டு நாய்கள் ஏர்லினைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தன.

"விளம்பரத்துல படத்தைப் பாத்ததுமே இதுதான்னு முடிவு பண்ணிட்டேன். அக்கரையிலேருந்து தங்கச்சி கார்ல கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டா. நாளைக்கு விடிஞ்சா இறால் சீசன் தொறக்குது. அதுக்குள்ள என் படகு தண்ணியில இருக்கணும். இல்லேன்னா இந்த வருஷம் அடுப்பு எரியாதுண்ணே."

அவசரக்காரி என்று தெரிந்ததும் அல்சீட்டுக்கு உள்ளம் குளிர்ந்தது.

"உனக்குன்னே ஆண்டவன் அனுப்பின வண்டிம்மா இது. வீட்டையே கட்டி இழுக்கலாம்!"

ஏர்லின் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் தலையை விட்டாள். அடிச்சட்டத்தை விரலால் சுரண்டிப் பார்த்தாள். கியர் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தாள். படகு மாட்டும் கொக்கியை இரண்டு கையாலும் ஆட்டினாள்.

"பின்சக்கரம் வரைக்கும் உப்புத்தண்ணி குடிச்சிருக்கே?"

"படகு இழுக்கற வண்டி உப்புத்தண்ணி குடிக்காம பாலா குடிக்கும்?"

அவள் எழுந்தபோது கழுத்துக் கயிற்றில் கட்டிய சாவியும் சிவப்பு மிதப்பும் சட்டைக்கு வெளியே வந்து விழுந்தன. தண்ணீரில் விழுந்தாலும் சாவி முழுகாமல் இருக்க, படகுக்காரர்கள் எல்லோரும் மாட்டுவதுதான்.

"நல்லா இருக்கே! படகு ஒரு பக்கம், சாவி கழுத்துலயா?"

"பழக்கம்ணே." மிதப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். "வெறும் வண்டியை ரோட்டுல யார் வேணா ஓட்டலாம். பாசி பிடிச்ச இறங்குதுறைச் சரிவுல படகைத் தண்ணியில இறக்கி, மறுபடி மேல இழுத்துக் காட்டுங்க. ஏறிடுச்சுன்னா நீங்க சொல்ற விலை. பேரமே கிடையாது."

"எந்தப் படகை இழுக்கறது?"

"அதோ நிக்குதே, அதையே இழுங்க. என் படகும் அதே நீளம், அதே கனம்."

அல்சீட் தலையைச் சொறிந்தான். "அது இப்பத்தான் பெயிண்ட் அடிச்சது. மோட்டார் சாவி வேற தொலைஞ்சு போச்சு."

"இறக்கி ஏத்தறதுக்கு மோட்டார் எதுக்கு? உங்க வண்டியால முடியாதுன்னா சொல்லிடுங்க. பக்கத்து ஊர்ல ஒரு சிவப்பு வண்டி இருக்காம்."

முடியாதா என்று கேட்டுவிட்டால் அந்தக் கரையில் எந்த ஆண்பிள்ளைக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அல்சீட் நாய்களை அதட்டினான், வேலிப் பூட்டைத் திறந்தான், டிரெய்லரை வண்டியில் மாட்டினான்.

"டேங்க் காலியா இருக்கேண்ணே. என் படகுல எப்பவும் டேங்க் நிறைஞ்சிருக்கும். அந்தக் கனம் தெரிய வேணாமா?"

முணுமுணுத்துக்கொண்டே பெட்ரோலும் நிரப்பினான்.

இறங்குதுறையில் நாலைந்து பேர் பீர் டின்னோடு உட்கார்ந்திருந்தார்கள். படகு மாட்டிய வண்டியைப் பின்பக்கமாக இறக்குகிற எவனாவது தடுமாறினால் கிண்டலடிப்பதுதான் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகவே அல்சீட் ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றி, கோடு போட்டது போல டிரெய்லரைப் பின்னால் இறக்கினான்.

"அடைப்பான் போட்டியாடா?" என்று ஒருவன் கத்தினான். படகின் அடி ஓட்டையை அடைக்க மறந்து, படகோடு மானத்தையும் முழுகவிட்டவர்கள் அந்த ஊரில் அநேகம்.

அல்சீட் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நான் அப்பவே போட்டுட்டேன்" என்றாள் ஏர்லின்.

"அட, என் படகு மேல என்னைவிட உனக்குல்ல அக்கறை!"

"பின்னே இருக்காதா? நான் படகுல ஏறிக் கயித்தைப் பிடிச்சுக்கறேன். நீங்க இறக்குங்க."

பின்சக்கரங்கள் தண்ணீரைத் தொட்டன. படகு ஒருமுறை குலுங்கி, டிரெய்லரை விட்டு மெல்ல மிதந்தது. ஏர்லின் முன்கொக்கியைக் கழற்றினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

அல்சீட் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "இப்பப் பாரும்மா என் வண்டியை! கயித்தை வீசு!"

கயிறு வரவில்லை. மோட்டார் உறுமியது.

வண்டியிலிருந்து குதித்த அல்சீட் முழங்கால் தண்ணீரில் நின்று வாயைப் பிளந்தான். "ஏய்! உன் சாவி எப்படி இதுக்குச் சேருது?"

ஏர்லின் படகை அக்கரைப் பக்கம் திருப்பினாள். துறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"ராத்திரியோட ராத்திரியா என் வீட்டுலேருந்து நீங்க இழுத்துட்டு வந்த என் படகுக்கு, என் சாவி சேராம வேற யார் சாவிண்ணே சேரும்? பெயிண்டுக்கும் பெட்ரோலுக்கும் ரொம்ப நன்றி!"