மூலை வீடு

சாயங்கால வெயில் ஆசிரியர் அறை மேஜைமேல் சரிந்து கிடக்கிறது. மாணவர்கள் வரைந்த தெரு வரைபடங்களைச் சமூக அறிவியல் டீச்சர் திருத்திக்கொண்டிருக்கிறார். ஒரு மாணவி, டீச்சர் குடியிருக்கும் தெரு என்று தெரியாமலே அதை வரைந்திருக்கிறாள். திசைகள் சரி, அளவும் சரி. தையல்கடை, அவளுடைய பெரியம்மா வீடு, கடிக்கிற நாய் இருக்கும் வீடு எல்லாம் இருக்கின்றன. மூலையில் டீச்சரின் வீடு. அதற்குள் 'ஆள் இல்லாத வீடு' என்று எழுதியிருக்கிறாள். சிவப்புப் பேனா அங்கேயே நிற்கிறது. "கிளம்பலையா டீச்சர்? வீட்ல தேடப் போறாங்க" என்கிறார் கணக்கு வாத்தியார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "இது ஒண்ணுதான் சார். நீங்க போங்க." அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்கிறது. டீச்சர் பத்துக்குப் பத்து போடுகிறார். தாளை அடுக்கில் வைத்தவர் மறுபடி எடுத்து, அந்த வீட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதுகிறார்: 'ஒருத்தர் இருக்காங்க.'