சத்தம் போடாத பிளசர்

டேய், சிரிக்காம சொல்லுங்க. உங்கள்ல எத்தினி பேரு கார்ல ஏறிகீறீங்க? பஸ் புட்போர்டுல தொங்கிக்கினு போனதெல்லாம் கணக்குல வராது. பாத்தியா, ஒரு கையும் மேல வரல. அப்போ வாய மூடிக்கினு கேளுங்க.

எழுபத்தி நாலு. பெட்ரோல் விலை எகிறிப் போன நேரம். ஸ்ரீபெரும்புதூர்ல நாகப்பன்னு ஒரு வாடகைக் கார் டிரைவரு. ஆறு வருஷம் கிளீனரா வண்டி கழுவுனப்புறம்தான் ஓனர் அவரு கையில ஸ்டீரிங்கையே குடுத்தாரு.

அவருக்கு ஒரு கல்யாண சவாரி. மாப்ள யேசுராஜ், குன்றத்தூரு. பொண்ணு வடக்குப்பட்டு.

பொண்ணோட அப்பா லாசரு ஒரே கண்டிஷன்தான் போட்டாரு. "எங்க பங்காளி மருமவன் ஜீப்புல வந்தான். எம் மருமவன் பிளசர் கார்லதான் வரணும். இல்லன்னா பொண்ண கோயிலுக்கே அனுப்ப மாட்டேன்."

முந்தின நாளே நாகப்பன் வண்டிய மாப்ள வூட்டாண்ட கொண்டாந்து வுட்டாரு. டாங்க்ல குச்சி வுட்டுப் பாத்தாரு. நாலு விரக்கடை நனைஞ்சுது. போயி வரத் தாராளம். நிம்மதியாத் தூங்குனாரு.

காலைல ஒரே கார்ல பதினோரு பேரு ஏறுனாங்க. மடியில ஒண்ணு, மடி மேல மடியா ஒண்ணு. மாப்ளயோட தம்பி மட்டும் ஏறல. படிப்பப் பாதில வுட்டுட்டு ஊரச் சுத்தற பையன். சினேகிதனோட மோட்டார் பைக்க ஓசி வாங்கிக்கினு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கினு, மந்திரி காருக்கு முன்னாடி போற போலீஸ்காரன் மாதிரி போனான்.

வடக்குப்பட்டு ஏரிக்கரை மேட்டாண்ட கார் ரெண்டு தும்மல் போட்டுது. நின்னுடுச்சு.

நாகப்பன் எறங்கி குச்சிய வுட்டாரு. காஞ்ச குச்சி காஞ்சபடியே வெளிய வந்துது.

"இன்னாய்யா ஆச்சு?" மாப்ளயோட அப்பா ஆபிரகாம் கேட்டாரு.

"பெட்ரோல் இல்லீங்க. நேத்து இருந்துது."

"அப்ப இன்னா, ராவுல வண்டி தானா எழுந்து குளிக்கப் போச்சா?"

தம்பிக்காரன் பைக்கத் திருப்பிக்கினு வந்தான். நேரா நாகப்பன் மூஞ்சிக்கு மூஞ்சி நின்னான்.

"யோவ், வித்துட்டியா? இன்னிக்கு கீற விலைக்கு எவன்கிட்ட வித்த? எங்கண்ணன் கல்யாணம்தான் கெடைச்சுதா ஒனக்கு?"

நாகப்பன் மூக்கச் சுருக்குனாரு. அவன ஒரு தபா உத்துப் பாத்தாரு. இன்னாவோ சொல்ல வந்தாரு.

அதுக்குள்ள, மாப்ளயக் கூட்டியாற வந்திருந்த பொண்ணோட தாய்மாமன் குரல் குடுத்தாரு. "எவன் திருடுனான்னு இப்பவே தெரியணும். உங்க வூட்டு ஆளா மட்டும் இருந்துச்சு, இப்படியே நான் நடந்து போயி கல்யாணத்த நிறுத்திடுவேன்."

நாகப்பன் தலைய குனிஞ்சுக்கினாரு. "என் தப்புதாங்க. காலைல பாக்காம எடுத்துட்டேன்."

"ஒன்ன அப்புறம் வெச்சிக்கிறேன்," ஆபிரகாம் பல்லக் கடிச்சாரு. "ஓனராண்ட சொல்லி வண்டிய வுட்டே எறக்குறேன். டேய், ஒன் பைக்ல கீற பெட்ரோல ஊத்தேன்டா."

"இது ஆயில் கலந்தது நைனா. ஊத்துனா கார் எஞ்சின் பூடும்."

நாகப்பன் டாங்க் மூடியத் திருகி மூடுனாரு.

பூசைக்கு இன்னும் கால் மணி நேரம்தான். தாய்மாமனே வழி சொன்னாரு. "தள்ளுங்க. மேடு ஏறிட்டா அந்தாண்ட எறக்கம். கார் கோயில் வாசல்ல போயி நின்னாப் போதும். எங்க மச்சான் லாசரு மூணு ஊருக்குச் சொல்லி வெச்சிகீறாரு."

தள்ளுனாங்க. மாப்ள கோட்டக் கழட்டி அத்தை கையில குடுத்துட்டுத் தள்ளுனான். தாய்மாமன் மட்டும் எறங்கல. மரியாதைன்னு ஒண்ணு கீதுல்ல!

மேட்டு மேல ஏத்தி, எல்லாரும் மறுபடி உள்ள பூந்துக்கினாங்க. நாகப்பன் ஆரன அமுக்கிக்கினே உருட்டிக்கினு போனாரு. சொல்லி வெச்சாப்புல கோயில் வாசல்ல நிறுத்துனாரு.

லாசரு பூரிச்சுப் பூட்டாரு. "இன்னா சம்பந்தி, வண்டி சத்தமே இல்ல?"

"உசந்த வண்டி சம்பந்தி. சத்தம் போடாது."

"மாப்ளக்கி ஏன் இப்படி வேர்க்குது?"

"கல்யாண பயம்."

தாலி ஏறுச்சு. பிரியாணி முடிஞ்சுது. நாகப்பன மட்டும் யாரும் சாப்பிடக் கூப்புடல. தம்பிக்காரன் பங்க்குக்குப் போயி ஒரு கேன்ல பெட்ரோல் கொண்டாந்தான். டாங்க்ல ஊத்திக்கினே நாகப்பன் மெதுவா சொன்னாரு.

"தம்பி, ஓசி பைக்குக்கு ஊத்த டியூப் வெச்சு பெட்ரோல உறிஞ்சினா, வாயக் கொப்புளிச்சிட்டு அப்பால வந்து திட்டணும். எம் மூஞ்சியாண்ட வந்து கத்துன பாரு, அப்பவே நாறிப் போச்சு. ஒரு பொண்ணோட கல்யாணம் கெட வேணாமேன்னு வுட்டேன்."

மறுநாள் ஆபிரகாம், சொன்ன மாதிரியே ஓனராண்ட போயி நின்னாரு. கூடவே தம்பிக்காரனும் போனான். "திருட்டுப் பய" அப்படி இப்படின்னு ஆபிரகாம் கத்துனாரு. நாகப்பன் தம்பிக்காரனையே பாத்தாரு. நீயா சொல்லுன்ற மாதிரி. அவன் செவுத்துல கீற காலண்டரப் பாத்துக்கினு நின்னான். ஓனர் கைய நீட்டி கார் சாவிய வாங்கிக்கினாரு.

யார்ரா அந்தத் தம்பிக்காரன்னுதான கேக்குறீங்க? துப்புறதா இருந்தா இப்பவே துப்பிடுங்க. நான்தான்.