லட்ச ரூபாய் ஆந்தை

"களவாணிச் சிறுக்கி! என் நெலத்துல கெடச்ச காசை எங்கடி வச்சிருக்கே?"

வீரபத்திரன் போட்ட சத்தத்தில் கண்மாய்க்கரையில் பாதி ஊர் கூடிவிட்டது. நடுவில் வெள்ளையம்மாள், தலை குனிந்தபடி.

காசு கிடைத்தது போன மாதம். அவருடைய மிளகாய்த் தோட்டத்தைக் கொத்தும்போது இவள் மண்வெட்டியில் தட்டுப்பட்டது. கனத்த வெள்ளிக் காசு. ஒரு பக்கம், தலையில் கும்பாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு பொம்பளை முகம். மறுபக்கம், முழித்துக்கொண்டு ஓர் ஆந்தை.

அன்றைக்கு அய்யா சொன்னது என்ன?

"தூ! பேரன் காய்ச்சல்ல கெடக்கான், ஆந்தையக் கொண்டாந்து நீட்டுறியே! அந்தச் சனியனை நீயே கொண்டு போ. நாளையிலருந்து வேலைக்கும் வராதே."

நேற்று, பக்கத்து ஊரில் பானை ஓடு பொறுக்க வந்த மதுரைக் காலேஜ் வாத்தியார் விஷயத்தைக் கேள்விப்பட்டு அய்யாவைத் தேடி வந்தார்.

"அது கிரேக்க நாட்டுக் காசா இருக்கும்ங்க. ரெண்டாயிரம் வருசத்துக்கும் மேல. அந்தம்மா அவுங்க தெய்வம், ஆந்தை தெய்வத்தோட பறவை. லட்ச ரூபாகூடப் போகும்."

அவ்வளவுதான், ஆந்தை கருடனாகிவிட்டது! நிலம் பாட்டன் சொத்து என்பதும் அய்யாவுக்கு நினைவு வந்துவிட்டது.

"வித்துத் தின்னுட்டியா? சொல்லுடி!"

அவள் வாயைத் திறக்கவில்லை. என்ன நெஞ்சழுத்தம் பார் என்றது கூட்டம்.

"இவளுக்குப் போலீசுதான் சரி. ஏலே மருதுபாண்டி, ஜீப்பை எடு. ஸ்டேஷனுக்குப் போவோம்."

வெள்ளையம்மாள் உடைந்து அழுதுவிட்டாள்.

"வெளிய சொன்னாப் பலிக்காதுன்னாக, அதான் பேசாம இருந்தேன்யா. அந்தக் காசால உங்க பேரனுக்கு ஏதும் ஆயிருமோன்னு எனக்கு ஒறக்கமே இல்ல. தேவிபட்டினத்துக்கு நடந்தே போயி, புள்ள பேரைச் சொல்லி, கடலுக்குள்ள நிக்கிற நவக்கிரகக் கல்லு ஒம்பதையும் சுத்திவந்து, நவதானியத்தோட கடல்ல போட்டுட்டேன். திரும்ப எடுத்தா தோஷம் புள்ளைக்கே வந்துருமாம்யா. நல்லா ஓடியாடித் திரியுதுல்ல, அது போதும்யா எனக்கு."

கூட்டம் உச்சுக்கொட்டியது. வேலையை விட்டு விரட்டியவர் வீட்டுப் பிள்ளைக்காக இத்தனை மைல் நடந்திருக்கிறாளே, பாவி மகள்!

வீரபத்திரனுக்கும் என்னவோ செய்திருக்க வேண்டும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏலே மருதுபாண்டி, ஸ்டேஷன் வேணாம். ஜீப்பைத் தேவிபட்டினத்துக்கு விடு. கடல்ல முங்கி எடுக்க ரெண்டு ஆளையும் ஏத்திக்க."