திரும்பி வந்த மெயில்கள்

“நீங்க அனுப்பவே இல்லைன்னா இதெல்லாம் எப்படிங்க திரும்பி வரும்? போடாத கடுதாசி திரும்பி வருமா?”

மனைவி கணவனைக் கேட்டாள். வீட்டுக் கணினியில் அவனுடைய மெயில் பெட்டி திறந்திருந்தது. ‘இந்த முகவரியில் யாரும் இல்லை. உங்கள் மெயில் திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று மேலிருந்து கீழ்வரை ஒரே பாட்டு. நூற்றுக்கும் மேல் இருக்கும். எதைத் திறந்தாலும் ‘உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை’ என்று தொடங்கியது. அனுப்பியவர் என்ற இடத்தில் அவன் பெயர், அவன் முகவரி.

“சத்தியமா நான் இல்லைம்மா. ஊர் ஊரா டைல்ஸ் விக்கிறவன். எனக்கு நூறு பொம்பளைங்களைத் தெரியுமா?”

“ஒருத்தியைத் தெரிஞ்சாப் போதும். மத்தவங்க அவளை மறைக்கறதுக்கு.”

அவன் சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். வேறு ஊரில் திறக்கும் புதுக் கிளைக்குப் பொறுப்பாளராக வர முடியுமா என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவனைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் ‘வரவில்லை’ என்றுதான் எழுதுவதாக இருந்தாள். இந்தச் சனிக்கிழமை காலை வரை.

“உன் தம்பியையே கூப்பிடு. கம்ப்யூட்டர்தானே அவனுக்குச் சோறு போடுது? உன் கூடப் பிறந்தவன் எனக்காகவா பொய் சொல்லப் போறான்?” என்றான் கணவன். அவள் பதில் சொல்வதற்குள் அவனே போனில் கூப்பிட்டும் விட்டான்.

ஞாயிறு மதியம் தம்பி பையும் கையுமாக வந்து கணினி முன் உட்கார்ந்தான்.

“அக்கா, கவர் பின்னாடி அனுப்புநர்னு யார் பேரை வேணும்னாலும் எழுதலாம் இல்லையா? எவனோ ஒரு திருட்டுப் பய மாமா பேரை எழுதி ஊரெல்லாம் போட்டிருக்கான். விலாசம் தப்பாப் போனதெல்லாம் மாமா தலையில வந்து விடியுது. இவ்வளவுதான் சங்கதி.”

“சரி. அவன் போட்டது எது, உங்க மாமா போட்டது எதுன்னு எப்படிப் பிரிப்பே?”

“அப்படிக் கேளு. ஒவ்வொரு மெயிலுக்குள்ளேயும் அது எங்கே கிளம்பி எந்த வழியா வந்ததுன்னு குறிப்பு இருக்கும், தபால் முத்திரை மாதிரி. மாமா அக்கவுண்ட்ல இருந்து போனா அதுல நம்ம சர்வர் பேர் இருக்கும். இதைப் பாரு, எங்கேயோ கண் காணாத சர்வர்.”

அவள் குனிந்து பார்த்தாள். அவன் சொன்னது உண்மைதான்.

“எல்லாத்தையும் பாரு.”

“பத்து பார்த்தாப் போதாதாக்கா?”

“ஒண்ணு விடாம பாரு.”

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா தலையாட்டினான். “பார்த்துடு மச்சான். உங்க அக்காவுக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை.”

அவள் துணி மடிக்கப் போனாள். உள்ளே இருவரும் பேசிக்கொள்வது விட்டு விட்டுக் கேட்டது. அவள் கதவருகே வந்தால் பேச்சு நின்றது. நகர்ந்தால் தொடர்ந்தது. ஒருமுறை யாரோ சிரித்தார்கள். யார் என்று தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி சோம்பல் முறித்தபடி வெளியே வந்தான்.

“மொத்தம் நூத்து எண்பத்தேழு! கண்ணு ரெண்டும் பூத்துப் போச்சு. ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்துட்டேன். அத்தனையும் வெளி சர்வர். மாமா பத்தரை மாத்துத் தங்கம்.”

“மாமாவோட அக்கவுண்ட்ல இருந்து ஒண்ணுகூடப் போகலை?”

“ஒண்ணே ஒண்ணுகூடப் போகலை. வேணும்னா ஸ்டாம்ப் பேப்பர் கொண்டா, எழுதியே தர்றேன்.”

“வேணாம். நீ சொன்னாப் போதும்.”

அவள் போனை எடுத்து நிதானமாக ஏதோ தட்டினாள். ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்பினாள். கணவன் அப்பாடா என்று சோபாவில் சாய்ந்தான்.

“வரலைன்னு எழுதிட்டியாம்மா?”

“வர்றேன்னு எழுதிட்டேன். ஒண்ணாம் தேதி அங்கே சேரணும்.”

“என்னக்கா இது!” என்று தம்பி பதறினான். “இவ்வளவு நேரம் கழுதையாக் கத்தினேனே. மாமா மேல தப்பில்லைன்னு நான் பார்த்துச் சொன்ன பிறகும் சந்தேகமா?”

“மாமா மேல இருந்த சந்தேகத்தைத் தீர்க்கத்தான்டா உன்னைப் பார்க்கச் சொன்னேன். எங்க லேப்ல காலைல முதல் வேலை என்ன தெரியுமா? ரிசல்ட் முன்னாடியே தெரிஞ்ச ரத்தத்தை மெஷின்ல விட்டுப் பார்ப்போம். அதை மெஷின் தப்பாச் சொன்னா, அப்புறம் அது சொல்ற எதையும் எழுத மாட்டோம்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவள் கணவனைப் பார்த்தபடியே தம்பிக்குப் பதில் சொன்னாள்.

“நீ பார்க்காமச் சொன்னியோ, பார்த்துட்டு மறைச்சியோ, எனக்குத் தெரியாது. அந்த நூத்து எண்பத்தேழுல ஒண்ணு, நேத்து சாயங்காலம் இவர் குளிக்கப் போனப்போ, இதே கம்ப்யூட்டர்ல, இவரோட அக்கவுண்ட்ல இருந்து, இல்லாத ஒரு விலாசத்துக்கு நான் அனுப்பினது.”